நீர்நாயிடம் நாள் கேட்டவன்

அந்தக் காலத்தில் நீர்நாய்க்குப் பேச்சு இருந்தது. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் உருண்டால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒரு குரல் என்று சொல்வார்கள். அடங்கிய குரல். அவசரமில்லாத குரல். அதைக் காதால் கேட்டவர் இன்று ஒருவரும் இல்லை. ஆனால் கருநீராற்றங்கரையில் மேல்காட்டு மக்கள் வாழ்ந்த நாளில், ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குரலுக்காகத்தான் ஊர் முழுக்கக் காத்துக்கிடந்தது.

மேல்காடு குளிர்ந்த மலை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் பனி இறங்கும். மார்கழியில் புல்நுனியெல்லாம் உப்புப் பூத்ததுபோல் உறைந்து நிற்கும்; கால் வைத்தால் நொறுங்கும். அங்கே பருத்தி விளையாது, ஆடு பிழைக்காது. மரப்பட்டையை அடித்து உடுத்திய அந்த மக்களுக்குக் குளிருக்கென்று இருந்தது நீர்நாயின் தோல் ஒன்றுதான். அதுவும் ஒரு குளிருக்குத்தான் வரும். அடுத்த மழைக்காலத்து ஈரத்தில் பூசணம் பிடித்து, மயிர் கொட்டி, நனைந்த சருகு மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதுத் தோல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆற்றோரம் கண்ணி வைக்க வேண்டும்.

என்றைக்கு வைப்பது?

முந்தி வைத்தால் தோல் முற்றியிருக்காது. மேல்மயிர் இருக்கும், அதற்கு அடியில் பஞ்சுபோல் அடர வேண்டிய உள்மயிர் இருக்காது. பிந்தினால் குளிர் குழந்தைகளையும் கிழவர்களையும் எடுத்துக்கொள்ளும். நிலவைப் பார்த்தோ நட்சத்திரத்தைப் பார்த்தோ அந்த நாளைச் சொல்ல முடியாது. ஓர் ஆண்டு கார்த்திகைப் பிறப்பிலேயே வரும். ஓர் ஆண்டு மார்கழி பாதி போன பிறகும் வராது. அது நீர்நாய்க்குத்தான் தெரியும். நீர்நாயிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டால் சொல்வதாக ஒரு வாக்கு இருந்தது. எப்போதோ ஒரு பஞ்சத்தில் மனிதர்களும் நீர்நாய்களும் ஒரே மீனுக்கு அடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, கடைசியில் உட்கார்ந்து பேசிய வாக்கு அது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த தாய்மடுவை மனிதர்கள் தொடக்கூடாது. அங்குள்ள மீன் அத்தனையும் நீர்நாய்க்கு. குட்டிகள் கண் திறந்து, நீந்தப் பழகி, பேச்சும் பழகியான பின் தாய்கள் அவற்றோடு தாய்மடுவிலேயே தங்கிவிடும். கிழடு தட்டியவையும் துணையற்றவையும் கீழ்வளைவுக்கு இறங்கும். அதன் பிறகு மனிதர்கள் கீழ்வளைவில் கண்ணி வைக்கலாம். வலுத்தது தப்பும், தளர்ந்தது மாட்டும். அதில் இரு தரப்புக்கும் மனக்குறை இல்லை.

நாள் ஆகிவிட்டதா என்று கேட்டுவர ஊரில் ஒருவன் இருப்பான். அவனுக்கு நாள்காரன் என்று பெயர். இந்தக் கதை நடந்தபோது நாள்காரனாக இருந்தவன் கோடன்.

கோடன் அதிகம் பேசாதவன். அவனை நாள்காரனாக வைத்ததே அதனால்தான். நிறையப் பேசுகிறவன் வாயில் ஒரு சொல் கூடவோ குறையவோ வந்துவிடும் என்று ஊர் நினைத்தது. கண்ணிக்கான நார்க்கயிறுகள் எல்லாம் ஊர் நடுவில் இருந்த கல்வீட்டுக்குள் ஒரே கட்டாகத் தொங்கும். அந்தக் கட்டின் முடிச்சை நாள்காரன் மட்டும்தான் அவிழ்க்கலாம், அதுவும் ஊர் பார்க்க. யாராவது தனியாக ஒரு கயிறு திரித்தது தெரிந்தால் அவனை மலையைவிட்டு இறக்கிவிடுவார்கள். ஆக, கோடன் வந்து ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை மேல்காட்டில் ஒரு கண்ணியும் கிடையாது.

அந்த ஆண்டு பனி முந்திக்கொண்டது. மழை இன்னும் முழுதாக ஓயாத ஐப்பசிக் கடைசியிலேயே ஒரு காலையில் குடிசைக் கூரைகள் வெள்ளையாக இருந்தன. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் கோடனின் மனைவி தும்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எட்டாம் மாதத்துக் குழந்தை. உள்ளங்கையில் தலையை வைத்தால் முழங்கையோடு கால் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் பிறந்த இரண்டும் முதல் குளிரைத் தாண்டவில்லை. மேல்காட்டில் முதல் குளிரைத் தாண்டாத குழந்தைக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்துவிட்டால் கூப்பிடத் தோன்றும். கூப்பிட ஆள் இல்லாதபோது அந்தப் பெயரை என்ன செய்வது?

பிரசவம் பார்த்த சடைச்சி, கணவனை இழந்து தனியாக இருப்பவள், தன் பழைய தோலைக் கொண்டுவந்து போர்த்தினாள். அதில் மயிர் இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம்.

“இதை வச்சு எத்தனை நாள் ஓட்டுவே? நெருப்பு ஒரு பக்கம் சுடும், மறு பக்கம் குளிரும். புகையில பிள்ளை இருமுது வேற. நாளைச் சீக்கிரம் கேட்டுட்டு வா கோடா.”

“நான் கேக்குற வேகத்துலயா இருக்கு அத்தை?”

“அது எனக்கும் தெரியும். மனசு கேக்காம வாய் சொல்லுது.”

தும்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அவள் உடம்பே நடுங்கியதால் அவளோடு ஒட்டிக் கிடந்த குழந்தைக்குச் சூடு போதவில்லை. பால் கட்டிக்கொண்டு வலித்தது; ஆனால் குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. ஐந்தாறு நாளில் பாலும் வற்றத் தொடங்கியது. கோடன் குழந்தையின் பாதத்தைத் தன் வாய்க்குள் வைத்து ஊதிச் சூடேற்றுவான். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் அவன் வாய்க்குள் அடங்கின.

சூரியன் மலைமுகட்டைத் தொடுகிற நேரம்தான் நாள் கேட்கிற நேரம். தாய்மடுவின் ஓரத்தில் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தட்டைப் பாறை. அதைக் கேள்விப்பாறை என்பார்கள். கோடன் ஒவ்வொரு மாலையும் அங்கே போய் நின்று கேட்பான். தண்ணீர் பிளந்து மடுக்காரி ஏறி வருவாள். நீர்நாய்களில் மூத்தவள் அவள். மூக்கைச் சுற்றி மயிர் நரைத்து, ஒரு காது கிழிந்திருக்கும். கோடன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“நாளாச்சா, அக்கா?”

“ஆகல.”

அவ்வளவுதான் பேச்சு. அவன் திரும்பி வருவான். ஊர் முகப்பில் அவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். தும்பியின் அண்ணன் கும்பன் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் நிற்பான்.

“என்ன மாப்ள, உங்க அக்கா இன்னைக்கும் வாயில மீனை வச்சுக்கிட்டுத்தான் இருந்தாளா?”

கோடன் தலையை மட்டும் ஆட்டுவான்.

“ஒரு நாளைக்கு என்னை அனுப்பிப் பாரு. நானும் அவளும் பேசுற பேச்சுல மறுநாளே கீழ்வளைவுக்குத் தன் கூட்டத்தையே கூட்டிட்டு வந்துடுவா.”

ஆட்கள் சிரிப்பார்கள். சிரிப்பு வெள்ளைப் புகையாக வாயிலிருந்து வரும். பிறகு அவரவர் குடிசைக்குப் போய்ப் படலைச் சாத்திக்கொள்வார்கள்.

அப்படிக் கேட்கத் தொடங்கிய பதினோராம் நாள் மாலை கோடன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, வழக்கத்தை மீறி, அங்கேயே நின்றான்.

“இன்னும் எத்தனை நாள் ஆகும்?”

மடுக்காரி அவனைப் பார்த்தாள். நாள்காரன் கேட்கக்கூடாத கேள்வி அது. ஆனாலும் பதில் சொன்னாள்.

“இந்த வருசம் வெள்ளம் முந்திக்கிச்சு கோடா. வளையெல்லாம் முழுகிப் போச்சு. குட்டிங்க பிந்திப் பிறந்துச்சு. இன்னும் கண்ணே தொறக்கல.”

“என் வீட்லயும் ஒண்ணு இருக்கு.”

“தெரியும். உன் மேல பால் வாசம் வருது. குடிக்காம வத்திப்போன பாலோட வாசம்.”

“குளிர்ல வாய் இறுகிப்போகுது அக்கா. உறிஞ்ச மாட்டேங்குது.”

மடுக்காரி பாறையில் இன்னும் கொஞ்சம் மேலேறி வந்தாள்.

“என்னை எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன்” என்றாள். “எனக்கு வயசாச்சு. இந்தக் குளிரோட நானும் கீழ்வளைவுக்கு இறங்க வேண்டியவதான். ஆனா எங்ககிட்ட தாய்ங்க மீனுக்குப் போயிடும். குட்டிங்களோட இருந்து பேச்சு பழக்குறது மூத்தவ வேலை. நாங்க பிறக்கும்போது கொண்டு வர்றது ஒரு சீழ்க்கைதான். பசிக்குதுன்னு, தாயைக் காணோம்னு ஒரு சீழ்க்கை. மத்ததெல்லாம் ஒருத்தர் சொல்லிக் குடுத்து வர்றது. நான் போயிட்டா அதுங்க ஊமையாப் போயிடும். பதினஞ்சு நாள் பொறு.”

“பதினஞ்சு நாள்” என்றான் கோடன்.

“குறைக்க என்னால ஆகாது. என் கையில இருந்தாக் குறைச்சிருப்பேன்.”

அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். இறங்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கோடனுக்கு நடந்து வருவது எளிதாக இருந்திருக்கும்.

ஆற்றிலிருந்து ஊருக்கு அதிக தூரமில்லை. மூங்கில் புதர் ஒன்று, ஒரு சரிவு, பிறகு வேலி. அந்தத் தூரத்துக்குள் அவன் எதையும் முடிவு செய்யவில்லை. பதினைந்து நாள் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தான். காலையில் குழந்தை அழவில்லை. அழாத குழந்தையைப் பார்த்துச் சடைச்சி எழுந்து போனாள். பதினைந்து நாள் இல்லை, ஐந்து நாள்கூடத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். ஒரு தோல் போதும். ஒரே ஒரு தோல். ஆனால் ஒரு தோலுக்கு ஒரு கண்ணி வேண்டும். ஒரு கண்ணிக்கு ஊர்க்கட்டின் முடிச்சு அவிழ வேண்டும். முடிச்சு அவிழ ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் அவன் வாயில்தான் இருந்தது.

வேலியருகே கும்பன் நின்றான். ஏதோ கேலி செய்ய வாயெடுத்தவன், கோடன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“என்ன மாப்ள?”

“ஆச்சு” என்றான் கோடன்.

அவனை யாரும் சந்தேகிக்கவில்லை. அதுவரை ஒரு நாள்காரனும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல முடியும் என்பதே அந்த ஊருக்குத் தோன்றியதில்லை. குடிசைப் படல்கள் திறந்தன. யாரோ கிழவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து சேதி சொன்னார்கள். சடைச்சி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டாள்.

“குட்டிங்க எத்தனையாம்? வருசா வருசம் சொல்லி விடுவாளே.”

“ஏழு” என்றான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

“ஏழா. நல்ல வருசந்தான்.”

கல்வீட்டுக்குள் போய் ஊர் பார்க்க முடிச்சை அவிழ்த்தான். விரல் மரத்துப்போயிருந்ததால் அவிழ்க்க நேரமானது என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளிச்சம் முற்றிலும் போவதற்குள் கீழ்வளைவில், நீர்நாய்கள் கரையேறும் வழுக்குத் தடங்களில், முப்பது கண்ணிகள் வைத்தாகிவிட்டது. கோடன் தன்னுடையதைக் கடைசித் தடத்தில், ஒரு பெரிய கல்லின் ஓரம் வைத்தான்.

அவன் குடிசைக்குள் வந்தபோது தும்பி விழித்திருந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். குழந்தையின் மேலிருந்த பழைய தோலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாள் ஆகாத காலத்தில் தாய்கள் தாய்மடுவில் தங்குவதில்லை. பாலுக்குத் தீனி வேண்டும்; மடு மீன் போதாமல் ஆறு முழுக்க இறங்கியும் ஏறியும் திரியும். கீழ்வளைவு வழியாகத்தான் போகும், வரும். மேல்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கோடனுக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு தோல் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் இதை நினைக்கவில்லை.

விடிந்ததும் ஊர் ஆற்றுக்கு இறங்கியது. பதினொரு நீர்நாய்கள் மாட்டியிருந்தன. முதல் நாளிலேயே பதினொன்று என்று யாரும் கண்டதில்லை. கும்பன் தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து பாறைமேல் போட்டான். சடைச்சி கத்தியை எடுத்து முதலாவதன் வயிற்றில் கீறினாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். கையில் இரத்தத்தோடு வெள்ளையாக வழிந்தது.

“பால்” என்றாள்.

அடுத்ததைத் திருப்பிப் போட்டுக் காம்பை அழுத்திப் பார்த்தாள். அதற்கடுத்ததை. ஒன்பதில் பால் இருந்தது. கும்பன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். அவன் தோளும் நனைந்திருந்தது.

கோடன் அங்கே இல்லை. அவன் கடைசித் தடத்துக்குப் போயிருந்தான். கல்லோரம் அவனுடைய கண்ணி இறுகியிருந்தது. இடுப்பில் கயிறு விழுந்து, பின்கால்கள் அசையாமல், மடுக்காரி படுத்திருந்தாள். உயிர் இருந்தது. திரும்பாத தாய்களைத் தேடி அவள் கீழே வந்திருக்க வேண்டும். அவன் மண்டியிட்டுக் கயிற்றை அறுத்தான். அறுத்த பிறகும் அவள் எழவில்லை, முதுகெலும்பு முறிந்திருந்தது. அவன் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“நான் சொல்லலையே, கோடா” என்றாள்.

குரலில் பழி இல்லை. தன் நினைவைத்தான் அவள் சந்தேகப்பட்டாள். வயதாகிவிட்டது, ஒருவேளை சொல்லியிருப்போமோ என்று. அந்தச் சந்தேகத்தோடுதான் அவள் உயிர் போனது. நீர்நாய்கள் மனிதரிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

தோல்களை உரித்தார்கள். உரிக்காமல் விட்டால் செத்தவற்றுக்கு இன்னும் பெரிய அவமானம் என்று சடைச்சி சொன்னாள். மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொழுப்பை வழிக்கும்போதே மயிர் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. பால் கொடுக்கிற விலங்கின் தோல் அப்படித்தான். உடம்பின் சத்தெல்லாம் பாலுக்குப் போயிருக்கும். பன்னிரண்டு தோலில் குழந்தையைச் சுற்ற ஒன்றுகூடத் தேறவில்லை.

நண்பகல் வாக்கில் சீழ்க்கை கேட்கத் தொடங்கியது.

தாய்மடுவின் கரை வளைகளிலிருந்து வந்தது. மெல்லிய, நீண்ட, நுனியில் மேலேறும் சீழ்க்கை. ஒன்று நிற்கும், இன்னொன்று தொடங்கும். கேட்கிற மாதிரி இருந்தது. பதிலுக்கு நிறுத்திக் காத்திருந்து, வராததால் மறுபடி கேட்கிற மாதிரி. ஊர் குடிசைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படலைச் சாத்தினாலும் கேட்டது. கும்பன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

தும்பி படுத்திருந்தாள். நான்கு நாளாக அவளுக்குப் பால் சுரக்கவில்லை. அந்தச் சீழ்க்கை மூன்றாம் முறையோ நான்காம் முறையோ கேட்டபோது மார்பு இரண்டும் இறுகின; பிறகு முள் குத்துவதுபோல் ஒரு கூச்சம்; பிறகு மேலே போட்டிருந்த பட்டைத்துணி நனைந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து நனைந்த துணியைப் பார்த்தாள். குழந்தையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டு, மீன்கூடையைக் கையில் எடுத்தாள்.

கோடன் வாசலில் நின்றான்.

“தும்பி, அவ சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள். “நேத்து நீ உள்ள வந்து நின்னப்பவே தெரியும். பிள்ளை பிழைக்கட்டும்னு நானும் பேசாம இருந்தேன். வழியை விடு.”

அவள் ஆற்றுக்கு நடந்ததைப் பார்த்துப் பால் கொடுக்கிற இன்னும் நான்கு பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர்களுக்கும் துணி நனைந்திருந்தது. வளைக்குள் தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கண் திறக்காத குட்டிகள். கையை முகர்ந்து, தாயில்லை என்று தெரிந்து, அப்போதும் சீழ்க்கையடித்தன. எண்ணிப் பார்த்தார்கள். பதினாறு இருந்தன. ஐந்து வளைகளில் சத்தமே இல்லை. அங்கேயும் கையை விட்டுப் பார்த்தார்கள்; கையில் பட்டவை குளிர்ந்து விறைத்திருந்தன.

இலையைக் குவித்துப் பாலைப் பீய்ச்சிக் குட்டிகளின் வாயில் விட்டார்கள். இரண்டு குட்டிகளைத் தும்பி தன் குழந்தையின் இரண்டு பக்கமும் படுக்கவைத்தாள். நீர்நாய்க் குட்டி அடுப்புக்கல்போல் சூடாக இருக்கும். பிஞ்சு மயிருக்கு அடியில் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் குழந்தையின் உதட்டில் நிறம் வந்தது. மறுநாள் அது வாயைத் திறந்து உறிஞ்சியது. மேல்காட்டின் பதினோரு நீர்நாய்களும் மடுக்காரியும் செத்து, அவற்றின் தோலில் ஒன்றுகூட உதவாமல், அநாதையான இரண்டு குட்டிகளின் உயிர்ச்சூட்டில் கோடனின் மகள் அந்தக் குளிரைத் தாண்டினாள். மற்ற குட்டிகளும் அப்படியே வீட்டுக்கு ஒன்றாக, இரண்டாக, குழந்தைகளோடும் கிழவர்களோடும் கிடந்தன. அந்தக் குளிரில் மூன்று கிழவர்கள் போனார்கள். குழந்தை ஒன்றும் போகவில்லை.

கோடனை என்ன செய்வது என்று ஊர் பேசியது. மலையைவிட்டு இறக்கிவிட வேண்டும் என்று முதலில் சொன்னவன் கும்பன். சொல்லிவிட்டு அவனே, “இறக்கினா தங்கச்சியும் போவா. குட்டிங்களும் பிள்ளையும் அவகூடக் கிடக்குது” என்றான். கடைசியில் கல்வீட்டு முடிச்சை இனி அவன் தொடக்கூடாது என்று முடிவானது. அதைக் கேட்டுக்கொண்டு கோடன் தலையை ஆட்டினான்.

குட்டிகள் கண் திறந்தன. வீட்டுக்குள் ஓடின. சடைச்சி தன்னிடம் இருந்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேச்சு பழக்கிப் பார்த்தாள். “தண்ணி சொல்லு. மீன் சொல்லு. உங்க பாட்டி அழகாச் சொல்லுவாளே” என்பாள். அது அவள் உதட்டையே பார்க்கும். பிறகு சீழ்க்கையடிக்கும். மனித நாக்கு சொல்லிக் கொடுக்க நீர்நாய்க்குப் பேச்சு வரவில்லை. அதற்கு இன்னொரு நீர்நாய் வேண்டியிருந்தது. கண்ணியில் விழாத பெரியவை இரண்டோ மூன்றோ அருவி வழியாக இறங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவை திரும்பவில்லை. மாசியில் ஆற்றில் விட்டபோது பதினாறில் பதினான்கு குட்டிகள் மிஞ்சியிருந்தன. தண்ணீரைக் கண்டதும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் இறங்கின. அன்றுதான் கோடனின் மகளுக்குப் பெயர் வைத்தார்கள். மடுவி என்று தும்பி வைத்தாள்.

இரண்டு குளிர்காலம் யாரும் கண்ணி வைக்கவில்லை. குட்டிகள் வளர்ந்து ஈனுவதற்காக ஊர் பொறுத்தது. பொறுத்ததன் விலையைக் கிழவர்களின் உயிராகக் கொடுத்தது. மூன்றாம் ஆண்டு தாய்மடுவில் மறுபடி வளைகள் நிறைந்தன. ஐப்பசி ஓய்ந்தது. கல்வீட்டின் முன்னால் ஊர் கூடியது. யாரிடம் போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

“கார்த்திகை பத்துன்னு வச்சுக்குவோம்” என்றான் கும்பன். “வருசா வருசம் அதே நாள். யாரையும் கேக்க வேணாம், யாரும் பொய் சொல்லவும் வேணாம்.”

“போன தடவையும் ஒருத்தன் தன் கணக்குக்குத்தான் நாள் வச்சான்” என்றாள் சடைச்சி. கோடன் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தும்பி எழுந்தாள். அவளுக்கு அடுத்த குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குழந்தையைச் சடைச்சியிடம் கொடுத்துவிட்டு, “நான் போய் உக்காந்துட்டு வர்றேன்” என்றாள்.

சூரியன் முகட்டைத் தொட்ட நேரம் அவள் கேள்விப்பாறையில் உட்கார்ந்தாள். எதையும் கேட்கவில்லை. வளைக்குள்ளிருந்து சீழ்க்கை வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து கூட்டத்தின் நடுவில் நின்றாள்.

“இன்னும் ஆகல.”

“உனக்கு யார் சொன்னா?” என்றான் கும்பன்.

அவள் போர்த்தியிருந்ததை விலக்கி, நனைந்திருந்த மேல்துணியைக் காட்டினாள்.

“இது பொய் சொல்லாதுண்ணே. எனக்கு வேணும்னாலும் வராது, வேணாம்னாலும் நிக்காது. பாலுக்கு அழுதா மட்டும்தான் வரும்.”

கும்பன் தங்கையின் துணியைப் பார்த்தான். அவன் கை தானாகத் தன் தோளுக்குப் போனது.

அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். நனைந்த துணியோடு வந்தாள். பனி இறங்கியது, ஊர் பொறுத்தது. சில நாள் அவளோடு இன்னும் இரண்டு தாய்மார்கள் போய் உட்கார்ந்தார்கள். மார்கழி ஆறாம் நாள் வளைகளிலிருந்து வந்த சீழ்க்கை வேறு மாதிரி இருந்தது. அதில் அழைப்பு இருந்தது, அழுகை இல்லை. குட்டிகள் நீரில் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. சூரியன் முழுக்க இறங்கும்வரை மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூவர் துணியும் உலர்ந்தே இருந்தது.

தும்பி எழுந்து வந்து “ஆச்சு” என்றாள். கல்வீட்டுக்குள் போய் அவளே முடிச்சை அவிழ்த்தாள்.

மடுக்காரி செத்த நாள் முதல்தான் நீர்நாய்க்குப் பேச்சில்லாமல் சீழ்க்கை மட்டும் எஞ்சியது. தும்பி முடிச்சை அவிழ்த்த அன்று முதல்தான் மேல்காட்டில் கண்ணி வைக்கும் நாளை ஆண்கள் சொல்வதில்லை. கைக்குழந்தையுள்ள பெண்கள் ஆற்றோரம் போய் உட்கார்ந்து, துணி உலர்ந்து திரும்பி வரும் நாளே நாள்.

கோடன் அதற்குப் பிறகு பத்தொன்பது குளிர்காலம் இருந்தான். ஒவ்வோர் ஆண்டும் அவன் பங்குத் தோலை ஊர் கொடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் அவன் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டான். ஒரு மார்கழியில் குளிரில் விறைத்து இறந்துபோனான்.